லாரியில் கட்டிய கேமரா

துர்தாகுன் என் லாரியின் வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் வருஷங்கள் ஆகின்றன. இன்னும் திருப்பித் தரவில்லை. "ரெண்டு நாள் குடுடா, பாத்துட்டுத் தர்றேன்" என்றுதான் வாங்கிப் போனான். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தோலோன் கணவாயை எப்படித் தாண்டினேன் என்று இந்த ஊரில் ஒருவனும் கேட்கவில்லை. பனி ஒட்டாமலிருக்க உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, மீசையில் பனிக்கட்டி தொங்க ஓட்டினேன். அந்தப் பக்கம் நாரின் ஊரில் நிலக்கரி இறக்குகிறவர்கள், "என்ன பேஷென், பாதி மூஞ்சி மட்டும் வெந்திருக்கு? அடுப்பை அணைச்சுட்டாங்களா?" என்று கேட்டார்கள். வசந்தத்தில் வேறு மோட்டார் வாங்கி மாட்டினேன். கோபம் மட்டும் பழையதே மாட்டியபடி இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கோச்கோரில் படம் எடுக்க துர்தாகுனை விட்டால் ஆளில்லை. பாஸ்போர்ட்டுக்குத் தலை, கல்யாணத்துக்கு ஜோடி, விற்கப்போகும் குதிரைக்குப் பக்கவாட்டுத் தோற்றம், எல்லாம் அவன்தான். நெட்டை ஆள். எதற்கும் சிரிப்பான். சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும். அதனால் அவன் எடுத்த பழைய படங்களில் பாதி கலங்கித்தான் இருக்கும். எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவான், அவ்வளவுதான்.

ஒருநாள் தலைநகரின் பழைய சாமான் சந்தைக்குப் போனவன் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் டப்பாவோடு என் லாரியில் ஏறினான். மாவு தேய்க்கிற பலகை போல அகலம். நடுவில் ஒரு உருளை, அந்த உருளையில் பட்டன் அளவுக்கு ஒரு கண்ணாடி.

"என்னடா இது?"

"அகலப்படக் கேமரா. பெரிய பிலிம் போடுறது. மலையை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே படத்துல அள்ளிரும்."

"எவ்வளவு குடுத்தே?"

"ஒரு ஆட்டு விலை."

"எந்த ஆடு? குளிர்காலம் முடிஞ்சு வந்த ஆடா, கொழுத்த ஆடா?"

"நோஞ்சான் ஆடுதான்" என்று தோளைக் குலுக்கினான்.

வீட்டுக்கு வந்து அதைத் திறந்தான். திறந்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. தொட்டதும் பின்மூடி தானாகக் கையில் வந்துவிட்டது. தயிர்க் கிண்ணத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் அதைவிடத் தடிமன். திருகாணிகளில் ஒன்று மற்றதைப் போல இல்லை. மேலே இருந்த பார்வைச் சட்டத்தில் கண்ணை வைத்தால் ஒன்று தெரியும், படத்தில் வேறொன்று விழும். எத்தனையாவது படம் என்று காட்டப் பின்னால் ஒரு சிவப்பு ஜன்னல் இருந்தது. அது வழியாகவே வெளிச்சம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அது வேலை செய்கிற விதம் சுலபம். பிலிம் உள்ளே பிறை போல வளைந்து உட்காரும். கண்ணாடி வைத்த உருளை, பெஞ்சில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிறவன் போல, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பும். அது திரும்பிக்கொண்டே போகப் போக, படமும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். உருளையைத் திருப்ப உள்ளே ஒரு சுருள்வில் இருந்தது. அந்த வில்லுக்கு விக்கல். விக்கும் இடமெல்லாம் படத்தில் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை விழுந்தது. அவன் முதன்முதலில் எடுத்த எங்கள் மலைத்தொடர் வரிக்குதிரையாக வந்தது.

அவன் அசரவில்லை. "கண்ணாடியைப் பாருடா, பட்டைக்கு நடுவுல பாரு. அந்த மேட்டுல மேயுற மாட்டுக்குக் கொம்பு தெரியுது. கண்ணாடி யோக்கியன். அதைத் திருடன் வீட்டுல குடிவெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அந்த யோக்கியனுக்கு வீடு கட்டுவது அவன் பிழைப்பாயிற்று. பின்மூடியைப் பிடித்து நிறுத்த என் பழைய டியூபிலிருந்து ரப்பர் வார் அறுத்தான். வெளிச்சம் ஒழுகும் இடத்தை அடைக்கக் கருப்பாக, அடர்த்தியாக ஏதாவது வேண்டும் என்று வீடெல்லாம் தேடி, கடைசியில் தன் கம்பளித் தொப்பியின் கருப்பு விளிம்பை வெட்டி ஓரமெல்லாம் ஒட்டினான். தொப்பியை! எங்கள் ஊரில் மரியாதை கருதிக் கீழே வைக்கக்கூட யோசிக்கிற தொப்பியை! அவன் மாமா ஒருவர் அதற்காகவே அவனோடு பேசுவதை நிறுத்தினார். விளிம்பில்லாத மொட்டைத் தொப்பியோடு இவன் தெருவில் போனால் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இவனும் நின்று கூடச் சிரித்தான்.

அப்புறம்தான் அந்த விக்கல் வில்லுக்குப் பதிலாக என் வைப்பர் மோட்டார் போயிற்று. இரண்டு பல்சக்கரங்கள் சேர்த்து அதன் வேகத்தைக் குறைத்தான். உருளை இப்போது விக்காமல், குலுங்காமல், ஒரு ஆள் நிதானமாக மூன்று தும்மல் போட்டு மூக்கைத் துடைக்கும் நேரத்தில் முழுசாகத் திரும்பியது. ஆனால் மோட்டாருக்கு லாரி பேட்டரி வேண்டும். அதனால் கேமராவிலிருந்து ஒரு ஒயர் நீண்டு என் லாரிக்கு வந்தது. உலகத்திலேயே லாரியோடு கட்டிப்போட்ட கேமரா அது ஒன்றாகத்தான் இருக்கும். அவன் எங்கே படமெடுக்கப் போனாலும் நான் ஓட்டிப்போக வேண்டும். இஞ்சின் ஓடினால் படம் நடுங்கும் என்று அணைக்கச் சொல்வான். அணைத்த லாரி பிறகு கிளம்பாது. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், வந்த விருந்தாளிகள் எல்லாரும் சேர்ந்து தள்ளுவார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் லாரி தள்ளுவதும் ஒரு சடங்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒட்டி ஒட்டி, அந்த நோஞ்சான் ஆடு ஒரு நல்ல குதிரையின் விலைக்கு வந்து நின்றது. நான் சொல்லிக் காட்டினால், "வாங்கும்போது மலிவுதானே" என்பான்.

இதற்கு நடுவே சாய்ரா.

சாய்ரா எங்கள் கால்நடை டாக்டர். புருஷன் செத்து நாளாகிறது. பசுவின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவனைத் திட்டக்கூடியவள். துர்தாகுன் ஒவ்வொரு வசந்தத்திலும் அவளிடம் போய்க் கல்யாணம் கேட்பான். ஆடுகளுக்கு ஊசி போடுகிற பருவம் அது, அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, "அடுத்தது யாரு?" என்பாள். இவன் சிரித்துக்கொண்டு திரும்பி வருவான்.

இந்த வசந்தத்தில் கேமராவையும் கையோடு எடுத்துப் போனான். நான் ஒயரைப் பிடித்தபடி லாரிப் பக்கத்தில் நின்றேன். அவள் டப்பாவை வாங்கித் திருப்பினாள், தட்டினாள், ரப்பர் வாரை இழுத்து விட்டாள். அது அவள் விரலில் பட்டென்று அடித்தது.

"இதுக்கு எலும்பே இல்லையே. ஆடா இருந்தா இன்னேரம் குழி தோண்டச் சொல்லியிருப்பேன்."

"கண்ணு நல்லாருக்கு பாருங்க" என்றான் இவன்.

"கண்ணு நல்லாருந்து என்ன செய்ய, கால் நாலும் கோணல். இதுக்காகத் தொப்பியை வெட்டின ஆளை நம்பி நான் எப்படி வர்றது?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஒண்ணு பண்ணலாம். கோடையில எங்க வம்சம் முழுக்கக் கூடுது. மக்சுத் அண்ணன் ஏற்பாடு. அத்தனை பேரும் ஒரே படத்துல வரணும். ஒட்டு கூடாது, பட்டை கூடாது, கறை கூடாது, தலை எல்லாம் தலையா தெரியணும். வந்துச்சுன்னா நான் உங்க வீட்டுக்கு வர்றேன். வரலேன்னா இந்த டப்பாவை ஆத்துல போட்டுட்டு டாக்ஸி ஓட்டப் போங்க. அடுத்த வருஷம் என்கிட்ட கேக்க வரக்கூடாது. எந்த வருஷமும் வரக்கூடாது."

அவள் சிரிக்காமல் சொன்னாள். துர்தாகுனும் முதல் தடவையாகச் சிரிக்காமல் தலையாட்டினான். லாரியில் ஏறியதும்தான் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "வர்றேன்னுட்டா டா!"

"படம் வந்தாடா, முட்டாளே."

"அதுதான் வந்துருமே!"

மக்சுத், சாய்ராவின் அண்ணன், ஏன் அந்தப் படத்துக்கு அவ்வளவு ஆசைப்பட்டான் என்றால், பக்கத்துக் கிராமத்தார் போன வருஷம் தங்கள் வம்சத்தைப் படமெடுத்து மாட்டிவிட்டார்கள். நகரத்திலிருந்து ஒருவன் வந்து, முழுக்க இரும்பாலான கேமராவில் மூன்று துண்டாக எடுத்து ஒட்டிக் கொடுத்திருந்தான். அவன் கேமரா விலைக்கு ஒரு மந்தையே வாங்கலாம் என்றார்கள். ஆனால் ஒட்டு விழுந்த இடத்தில் இரண்டு சகோதரர்களுக்குச் சேர்த்து ஒரே தொப்பி. இன்னொரு ஒட்டில் ஒரு மாமியாருக்கு மூன்று கை. அந்த வீட்டு மருமகள் மட்டும், "சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றாளாம். அந்த நகரத்து ஆள் துர்தாகுனின் டப்பாவையும் அப்போது வாங்கிப் பார்த்தான். வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான், சிரிப்பு நின்றது. "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. இந்த டப்பாவைச் செஞ்சவனைப் பிடிச்சு உதைக்கணும்" என்றான். துர்தாகுன் அதைப் பட்டம் வாங்கியது போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கோடை வந்தது. வம்சம் கூடியது. ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடாரங்கள், அண்டா அண்டாவாகக் கறி, குதிரைப்பால் குமிஸ் பொங்கும் தோல்பைகள், பொரித்த மாவு மலைபோல. தலைநகரிலிருந்து தபாலில் வந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். அதில் நாலு படம் விழும். முந்தைய நாள் பிற்பகலே துர்தாகுன் ஆற்றையும் பாலத்தையும் என் லாரியையும் எடுத்து மூன்றைத் தீர்த்துவிட்டு வந்து நிற்கிறான்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"சோதனை போட வேணாமா? அவ ஒரு படம்தானேடா கேட்டா. ஒண்ணு பாக்கி இருக்கு."

எனக்கு அவனையும் ஆற்றில் போடத் தோன்றியது.

லாரியை நடுவில் நிறுத்தினோம். மேலே முக்காலியில் கேமரா, அதன் பக்கத்தில் துர்தாகுன். கீழே பேட்டரிப் பக்கத்தில் சுவிட்சோடு நான். எங்களைச் சுற்றிப் பிறைபோல வம்சம் முழுவதும் உட்கார வேண்டும். உட்கார வைப்பதற்கே பொழுது போதவில்லை. நடுவிடம் மூத்தவருக்கு. மூத்தவர் என்று கூப்பிட்டால் அவர், "நானா? அவன் இருக்கும்போது நானா?" என்பார். அந்த அவன், "சேச்சே, நீங்க உக்காருங்க" என்பார். இரண்டு பேரும் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். மக்சுத் ஓடி ஓடித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் நடுவுக்குச் சற்று இடதுபக்கம், தனக்கென்று துண்டு விரித்து வைத்த இடத்தில் விழுந்தான். சாய்ரா வலதுபக்கம், அவனுடைய மனைவி அஜாருக்கு அருகில்.

"எல்லாரும் உக்காந்தாச்சா?" துர்தாகுன் மேலே இருந்து கத்தினான். "அசையாதீங்க. மூக்கு அரிச்சாலும் அசையாதீங்க. ஈ உக்காந்தா உக்காரட்டும், அதுவும் உங்க வம்சந்தான்!"

பிறை முழுக்கச் சிரித்தது.

"சிரிக்காதீங்க! பேஷென், போடுடா!"

போட்டேன். என் மோட்டார் முனகியது. உருளை இடதுகோடியிலிருந்து தலையைத் திருப்ப ஆரம்பித்தது. அத்தனை பேரும் மூச்சுப் பிடித்தபடி. காற்றுக்கூட நின்றது போல இருந்தது. பாதி தூரம் வந்தது. மக்சுத்தைத் தாண்டியது.

அப்போது லாரிக்கு வலதுபுறம், எனக்குப் பின்னாலிருந்து, குதிரைக் குளம்புச் சத்தம்.

கச்கின்பாய். அந்த வம்சத்திலேயே மிக மூத்தவர். மேலே மேய்ச்சல் நிலத்தை விட்டு இறங்குவதில்லை. அவர் வருவார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைத் தாடி காற்றில் பறக்கக் குதிரையில் வந்து நின்று, "என்னடா, எல்லாரும் பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்க? யாராவது செத்துட்டானா?" என்றார்.

பெரியவர் வந்தால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. யாரும் யோசிக்கவில்லை. பிறை முழுவதும் ஒன்றாக எழுந்தது. நெஞ்சில் கைவைத்துக் குனிந்தவர்கள் குனிந்தார்கள். நடுவிலிருந்து மக்சுத் குதித்தெழுந்து, வரிசைக்குப் பின்னால் ஓடி, வலதுகோடிக்கு வந்து, குதிரையின் கடிவாளத்துக்குக் கை நீட்டினான். என் மோட்டார் மட்டும் ஒன்றும் நடக்காதது போல முனகிக்கொண்டே போய், வலதுகோடியில் டக்கென்று நின்றது.

மேலே பார்த்தேன். துர்தாகுன் வாயைத் திறந்தபடி நின்றான். பிலிமில் வேறு இடமில்லை.

கறி வெந்துவிட்டது. மூத்தவருக்குரிய ஆட்டுத்தலை கச்கின்பாய் முன்னால் வைக்கப்பட்டது. சாய்ரா எங்கள் பக்கம் வரவேயில்லை. லாரி கிளம்பவில்லை, வம்சமே தள்ளியது. துர்தாகுனும் இறங்கி அவர்களோடு தள்ளினான்.

படத்தை மக்சுத் வீட்டுக் குளியல் கொட்டகையில் கழுவினான். கதவுச் சந்தெல்லாம் போர்வை அடைத்திருந்தது. வெளியே நான், மக்சுத், அஜார், சாய்ரா. கொஞ்ச நேரம் கழித்து, ஈரம் சொட்டும் நீளக் காகிதத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜையில் விரித்தான்.

கறை இல்லை. பட்டை இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பளிங்கு மாதிரித் தெளிவு. இடதுபாதி வம்சம் மகான்களைப் போல உட்கார்ந்திருந்தது. வலதுபாதி எழுந்து, குனிந்து, தொப்பி சரிந்து, ஒருத்தி கையிலிருந்த கிண்ணம் கவிழ்ந்து குமிஸ் அந்தரத்தில் நிற்க, எல்லா முகமும் வலதுபக்கம் திரும்பியிருந்தது. கச்கின்பாய் எங்குமே இல்லை. அவர் நின்றது படத்துக்கு வெளியே. நடுவில் உட்கார்ந்திருந்த மக்சுத், வலதுகோடியில் கையை நீட்டி ஓடிக்கொண்டுமிருந்தான்.

"நான் ஏன் ரெண்டு பேரா இருக்கேன்?" என்று மக்சுத் அலறினான்.

"ஒண்ணுக்கே என்னால சோறு போட முடியல" என்றாள் அஜார்.

"இது என்ன படம்? பாதி வம்சத்துக்கு முட்டி வலி மாதிரி! பக்கத்து ஊர்க்காரன் பாத்தா என்ன சொல்வான்?"

துர்தாகுன் சாய்ராவைப் பார்க்கவில்லை. மொட்டைத் தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். "ஆத்துல போட்டுடறேன்" என்று மெல்லச் சொன்னான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

அஜார் மட்டும் காகிதத்தின் மேல் மூக்கு படும்படி குனிந்திருந்தாள். சாய்ராவின் மருந்துப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கூச்சல் போட்டாள்.

"அடியே சாய்ரா! எல்லாரும் கிழவரைப் பாக்குறாங்க. வரிசைக்கு முன்னால நிக்குற நாய்கூட அங்கதான் பாக்குது. நீ எங்கடி பாக்குறே?"

நானும் குனிந்தேன். வலதுபக்கம் அத்தனை திரும்பிய முகங்களுக்கு நடுவே ஒரே ஒரு முகம் நேராக இருந்தது. சாய்ரா, எழுந்த வாக்கில், கையை வாயில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாய்ராவின் காது சிவந்தது. "டப்பா நின்னுடுச்சோன்னு பாத்தேன்."

"டப்பாவையா?" அஜார் பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "டப்பாவைப் பாத்திருந்தா கண்ணு நேரா நம்மைப் பாக்கணும். இது கொஞ்சம் தள்ளிப் பாக்குது. டப்பாவுக்குப் பக்கத்துல யாருடி நின்னா? நெட்டையா?"

மலிவான டப்பாவாக இருந்தால் என்ன, அதிலிருந்த கண்ணாடி அவள் கருவிழி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டது. வேறு மட்டமான கண்ணாடியாக இருந்திருந்தால் இவன் இப்போது டாக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பான்.

சாய்ரா பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். படத்தை இடமிருந்து வலம், ஊசி போட வந்த மந்தையை எண்ணுவது போல, மெதுவாகப் பார்த்தாள்.

"ஒட்டு இல்ல. பட்டை இல்ல. கறை இல்ல. தலை எல்லாம் தலையாத்தான் இருக்கு" என்றாள். "உக்காந்திருக்கணும்னு நான் சொல்லவே இல்லையே."

துர்தாகுன் தலை நிமிர்ந்தது. "அப்ப?"

"அப்ப என்ன அப்ப? முதல்ல ஒரு முழுத் தொப்பி வாங்குங்க. இந்த மொட்டையோட எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்க, மேஜை குலுங்க, ஈரப்படம் நழுவ, நாங்கள் நாலு பக்கமும் பாய்ந்து பிடித்தோம். மக்சுத்தும் சிரித்துவிட்டான், தங்கை அத்தனை வருஷம் கழித்து ஒருத்தனுக்குச் சரி என்றிருக்கிறாளே. அந்தப் படம் இப்போது அந்த வம்சத்தின் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்களையும் இதேபோலப் பாதி உட்கார்ந்து பாதி நின்று எடுத்துத்தரச் சொன்னார்கள்.

கோபித்துக்கொண்டது கச்கின்பாய் மட்டும்தான். எல்லாரும் தன்னைப் பார்த்துக் குனிகிற படத்தில் தானே இல்லை என்று தெரிந்ததும், "என்னைப் பாத்துத்தானே எந்திரிச்சானுங்க? அப்ப நான் எங்கே? அந்தக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்று குதிரையைத் திருப்பிக்கொண்டு மேலே போனவர், போனவர்தான். பெரியவர் வராமல் கல்யாணப் பந்தியில் முதல் கறியை யார் முன்னால் வைப்பது? மக்சுத் ஆள்மேல் ஆள் அனுப்பினான். அவர் அசையவில்லை.

நாளைக்குக் கல்யாணம். மத்தியானம் அதே புல்வெளியில், அதே கேமராவில், இரண்டு வீட்டாரும் சேர்ந்து படம். இன்று காலை டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது துர்தாகுன் புதுத் தொப்பியோடு மூச்சிரைக்க ஓடி வந்து, படியில் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"பேஷென், நீ இப்பவே மேல போ. கிழவரைக் கூட்டிட்டு வா. கையில விழு, கால்ல விழு, குமிஸ் கொடுத்து மயக்கு, என்னமோ பண்ணு. எல்லாரும் உக்கார்றதுக்கு முன்னாடி அவரைக் கொண்டாந்து நட்டநடுவுல முதல் ஆளா உக்கார வெச்சிரு. குதிரை இல்லாம வரமாட்டேன்னா, குதிரையையும் லாரியில ஏத்து."